பிறந்தபோது கேட்ட காது

எங்கள் சின்னவளின் டிஸ்சார்ஜ் சம்மரியில், எடை, மஞ்சள் காமாலை அளவு, போட்ட தடுப்பூசி எல்லாவற்றுக்கும் கீழே ‘ஓஏஇ – இரு காதும் பாஸ்’ என்று ஒரு வரி இருக்கிறது. ஓஏஇ என்பது பிறந்த குழந்தைக்குச் செய்யும் காது சோதனை. அதே பிள்ளை இப்போது வலது காதில் காக்ளியர் இம்ப்ளான்ட் (அறுவை செய்து உள்காதில் வைக்கும் கருவி), இடது காதில் ஹியரிங் எய்டு போட்டுக்கொண்டு இரண்டாம் வகுப்புக்குப் போகிறாள். ஆஸ்பத்திரியில் டெஸ்ட்டைச் சரியாகச் செய்யவில்லை என்று சொந்தக்காரர்கள் சிலர் இன்றைக்கும் சொல்வார்கள். அப்படி இல்லை. அன்றைக்கு அவளுக்குக் காது கேட்டது. அப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது.

காரணம் பெரும்பாலும் சைட்டோமெகாலோவைரஸ். சுருக்கமாக சிஎம்வி என்பார்கள். நான் அவளைச் சுமந்தபோது என் உடம்பிலிருந்து நஞ்சுக்கொடி வழியாக அவளுக்குப் போயிருக்க வேண்டும். ‘பெரும்பாலும்’, ‘இருக்க வேண்டும்’ என்று நான் இழுப்பதற்குக் காரணம் உண்டு. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அப்போது மூத்தவன் ப்ளே ஸ்கூல் போக ஆரம்பித்திருந்தான். வாராவாரம் மூக்கு ஒழுகும், மாதம் ஒரு காய்ச்சல். எனக்கு நான்காம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது இரண்டு மூன்று நாள் காய்ச்சல் அடித்தது. கழுத்தில் நெறி கட்டியது, ஒரே அசதி. வைரல் ஃபீவர் என்றார்கள், பாராசிட்டமால் கொடுத்தார்கள், சரியாகிவிட்டது. அந்தக் காய்ச்சல்தான் இதுவா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. சிஎம்வி வந்த பெரியவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றுமே தெரியாது. தெரிந்தாலும் சாதாரணச் சளிக் காய்ச்சல் மாதிரிதான் இருக்கும். ஸ்கேன் அத்தனையும் நார்மல். பிள்ளையும் மாதம் நிறைந்துதான் பிறந்தாள்.

ஐந்தாம் மாதம்வரை ‘ஆ... ங்கா...’ என்று நன்றாகவே சத்தம் கொடுத்தாள். எட்டாம் மாதத்தில் அது குறைய ஆரம்பித்தது. முதலில் கவனித்தது என் அத்தை, அதாவது மாமியார். “இவ மூஞ்சியப் பாத்தாத்தான் சிரிக்கிறா. பின்னாடி நின்னு கூப்பிட்டா கண்டுக்கவே மாட்டேங்கிறா, பாத்தியா?” என்றார். என் கணவர் உடனே ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்து அவள் பின்னால் நின்று கரண்டியால் தட்டினார். சட்டென்று திரும்பினாள். “நல்லாத்தான் கேக்குதும்மா, நீங்க சும்மா பயமுறுத்தாதீங்க” என்று அத்தையை அடக்கிவிட்டார்.

இந்தத் தட்டு டெஸ்ட்டை எந்த வீட்டிலும் நம்ப வேண்டாம். ஓங்கித் தட்டினால் தரை அதிரும், காற்று அசையும், ஆளின் நிழல் விழும். குழந்தை அதற்கும் திரும்பும். ஒரு காது கொஞ்சம் கேட்டாலும் திரும்பும். பெரிய சத்தம் கேட்டு, பேச்சு கேட்காமலும் இருக்கலாம். பேச்சுக்கு வேண்டியது தட்டுச் சத்தம் இல்லை. ‘ஸ’வுக்கும் ‘ப’வுக்கும் உள்ள நுணுக்கமான வித்தியாசம். இன்னொன்று: காது கேட்காத குழந்தைகளும் முதல் சில மாதம் மழலைச் சத்தம் போடுவார்கள். தன் சத்தம் தனக்கே திரும்பக் கேட்காததால்தான் பின்னால் அது ஓய்ந்துபோகிறது. ஒன்பது, பத்து மாதத்தில் ‘பாபாபா, மாமாமா’ என்று அடுக்கிச் சொல்லவில்லை என்றாலோ, சொல்லிக்கொண்டிருந்தது நின்றுபோனாலோ அதுதான் எச்சரிக்கை மணி.

முதலில் பார்த்த டாக்டர், “சில பிள்ளைங்க லேட்டாத்தான் பேசும். மூணு வயசு வரைக்கும் பாப்போம்” என்றார். ஊர் முழுக்கச் சொல்கிற பதில் இது. ‘அவங்க அப்பாவே நாலு வயசுலதான் பேசினான்’ என்று ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு கதை இருக்கும். பேச்சு வருவதற்குக் காத்திருக்கலாம், அதில் தப்பில்லை. காதைச் சோதித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். உலகம் முழுக்க இந்தத் துறையில் இருப்பவர்கள் 1-3-6 என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் குறை இருப்பது உறுதியாக வேண்டும், ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் தொடங்க வேண்டும். மூன்று வயது என்பது அந்தக் கணக்கில் எங்கேயும் வரவில்லை.

அத்தை விடவில்லை. அவர் நச்சரித்ததால்தான் திருச்சிக்குக் கூட்டிப்போய் பெரா டெஸ்ட் எடுத்தோம்.

அதற்குக் குழந்தை அசையாமல் தூங்க வேண்டும். அதனால் விடியற்காலையிலேயே எழுப்பி, கரூரிலிருந்து போகும் வழியெல்லாம் பஸ்ஸில் தூங்கவிடாமல் விளையாட்டுக் காட்டிக்கொண்டு போனோம். அங்கே தூக்க மருந்து சிரப்பைக் கொடுத்தார்கள். பாதியைத் துப்பினாள், மீதியில் தூங்கினாள். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒரு பேஸ்ட்டைத் தேய்த்துத் தோலைச் சுத்தம் செய்து, ஒயர் ஒட்டினார்கள். காதுக்குள் சின்ன ரப்பர் முனை. விளக்கை அணைத்துவிட்டார்கள். கருவி டிக் டிக் டிக் என்று காதுக்குள் சத்தம் அனுப்பும். காது நரம்பு வழியாக அது மூளைத்தண்டுக்குப் போவதை ஒயர்கள் பிடித்துத் திரையில் கோடாகக் காட்டும். அந்த ஆடியாலஜிஸ்ட் பெண் பொறுமையாகச் சொல்லிக்கொண்டே செய்தார். கோட்டில் ஐந்து மேடு வர வேண்டும், அதில் ஐந்தாவதுதான் முக்கியம், சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போய் எந்த அளவில் ஐந்தாவது மேடு காணாமல் போகிறது என்று பார்ப்போம் என்றார். இடது காதுக்குச் சத்தம் 60 டெசிபல் வந்ததும் மேடு மறைந்தது. வலது காதுக்கு 90 வைத்தும் மேடே இல்லாமல் கோடு நேராகவே ஓடியது. சாதாரணப் பேச்சே 50, 60 டெசிபல்தான். அவர் திரையைப் பார்த்தபடி பேச்சை நிறுத்திவிட்டார். எனக்குப் புரிந்துவிட்டது.

அப்படியானால் பிறந்தபோது ‘பாஸ்’ எப்படி வந்தது? ஓஏஇ வேறு மாதிரியான சோதனை. காதில் ஒரு முனையை வைத்து மெல்லிய சத்தம் அனுப்புவார்கள். உள்காதில் உள்ள புற மயிர் செல்கள் நன்றாக வேலை செய்தால் அவை ஒரு சின்ன எதிரொலியைத் திருப்பி அனுப்பும். அந்த எதிரொலி வந்தால் பாஸ், வராவிட்டால் ‘ரெஃபர்’. ஒரு சில நிமிட வேலை, பிள்ளைக்கு வலியே கிடையாது. ஆனால் அது அன்றைய நிலையை மட்டும்தான் சொல்லும். செல் நன்றாக இருந்து நரம்பில் கோளாறு இருந்தாலும் ஓஏஇயில் பாஸ் ஆகிவிடும். அதனால்தான் இன்குபேட்டர் வார்டில் பல நாள் இருந்த குழந்தைகளுக்கு பெராவும் எடுக்கச் சொல்கிறார்கள்.

சிஎம்வியின் கள்ளத்தனம் இங்கேதான். நத்தைக்கூடு மாதிரி சுருண்டிருக்கும் உள்காதுக்குள் ஒரு திரவம் உண்டு. அதில் பொட்டாசியம் சரியான அளவில் இருந்தால்தான் மயிர் செல்கள் வேலை செய்யும். அந்த அளவைக் காப்பாற்றுகிற மெல்லிய திசுப் பட்டையில் வைரஸ் போய் உட்கார்ந்துகொள்கிறது. வீக்கம், சேதம் எல்லாம் மெதுவாக நடக்கிறது. அதனால் பிறக்கும்போது நன்றாக இருந்த காது ஆறு மாதத்தில் போகலாம், மூன்று வயதில் போகலாம். ஒரு காது மட்டும் போகலாம். ஏறி இறங்கவும் செய்யலாம். சிஎம்வியால் காது பாதிக்கப்படும் குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் பிறந்த பிறகுதான் குறை தொடங்குகிறது அல்லது கூடுகிறது. பக்கத்திலேயே இருக்கும் சமநிலை உறுப்பையும் அது விடுவதில்லை. எங்கள் பிள்ளை ஒன்றரை வயது தாண்டித்தான் நடந்தாள். இருட்டில் இன்றைக்கும் தடுமாறுவாள்.

டெஸ்ட் ரிசல்ட் வந்ததும் வீட்டுக்கு வந்தவர்கள் கேட்ட முதல் கேள்வி, “சொந்தத்துல கட்டினீங்களா?” டாக்டர்களும் அதையேதான் கேட்டார்கள். நம் பக்கம் மாமன் மகள், அக்காள் மகள் என்று கட்டுவது இருப்பதால் அது நியாயமான கேள்விதான். நாங்கள் அசலில் கட்டியவர்கள். இருந்தாலும் பிறவிக் காதுக் குறைக்குப் பொதுவான காரணமான கனெக்சின் மரபணுவையும் சோதித்தார்கள், அதில் ஒன்றும் இல்லை. அடுத்த கேள்வி, “கிரகணத்துல வெளிய வந்தியா?” இதைக் கேட்டவர்களிடம் எனக்கு இன்றும் முகம் கொடுத்துப் பேச வரவில்லை. அத்தை மட்டும் யாரையும் பேச விடவில்லை. “புள்ளைக்கு என்ன செய்யணுமோ அதப் பாக்கலாம். கிரகணம் போயி எத்தனையோ மாசம் ஆச்சு” என்று ஒரே போடு.

இம்ப்ளான்ட்டுக்கு முன்னால் எடுத்த எம்ஆர்ஐ ஸ்கேனில், மூளையின் வெள்ளைப் பகுதியில் சில மாற்றங்கள் இருந்தன. அதைப் பார்த்துத்தான் குழந்தைகள் டாக்டர் சிஎம்வி என்ற பெயரை முதலில் சொன்னார். ரத்தத்திலும் சிறுநீரிலும் பார்த்தார்கள். இருந்தது. ஆனால் அதனால் ஒன்றும் நிரூபணம் ஆகாது என்றார். ஏன் என்றால், பிறந்த பிறகு தாய்ப்பாலிலிருந்தோ அண்ணனிடமிருந்தோ வந்திருந்தாலும் ரிசல்ட் இதே மாதிரிதான் இருக்கும். அப்படிப் பின்னால் வந்தால், நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குக் காதில் ஒன்றும் ஆகாது. கருவிலேயே வந்ததா என்று பிரித்துச் சொல்ல வேண்டும் என்றால், பிறந்து 21 நாளைக்குள் எச்சிலிலோ சிறுநீரிலோ பிசிஆர் எடுத்திருக்க வேண்டும். எச்சிலில் எடுத்தால் தாய்ப்பாலில் உள்ள வைரஸ் கலந்து பொய்யாகக் காட்டலாம். அதனால் பால் குடித்து ஒரு மணி நேரமாவது கழித்து எடுப்பார்கள், பாசிட்டிவ் வந்தால் சிறுநீரில் உறுதிசெய்வார்கள். எங்களுக்கு அந்த 21 நாள் எப்போதோ போயிருந்தது. பாஸ் ஆன பிள்ளைக்கு யார் அதை எடுக்கப் போகிறார்கள்?

அந்த நாட்களில் தெரிந்திருந்தால் ஒரு வழி இருந்திருக்கலாம். வால்கான்சிக்ளோவிர் என்று ஒரு மருந்து. பிறந்த முதல் மாதத்தில் ஆரம்பித்து ஆறு மாதம் வாய்வழியாகக் கொடுத்தால், அறிகுறியோடு பிறந்த குழந்தைகளுக்குக் காது ஓரளவு காப்பாற்றப்படுகிறது என்று 2015இல் ஆய்வு வந்தது. சும்மா கொடுக்கிற மருந்து இல்லை. வெள்ளை அணுக்களைக் குறைக்கும், அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். அறிகுறி எதுவும் இல்லாத குழந்தைக்குக் கொடுப்பதா என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே பேச்சு உண்டு. எங்கள் பிள்ளைக்குக் கொடுத்திருப்பார்களா என்பதும் தெரியாது. ஆனால் ஒன்று நிச்சயம்: சிஎம்வி என்று தெரிந்திருந்தால் மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தடவை காதைப் பார்த்திருப்பார்கள். குறை தொடங்கிய மாதமே ஹியரிங் எய்டு மாட்டியிருக்கலாம். முதல் ஆண்டில் அந்த இடைவெளி, பிறகு மூன்று வயதுவரை ஆறு மாதத்துக்கு ஒன்று, அதற்கப்புறம் வருடம் ஒன்று. எங்கள் ஆடியாலஜிஸ்ட் பின்னால் எழுதிக் கொடுத்த கணக்கு இது. காது சோதனையில் ‘ரெஃபர்’ ஆகும் ஒவ்வொரு குழந்தைக்கும் சிஎம்வியும் பார்க்க வேண்டும் என்று அமெரிக்காவில் யூட்டா மாநிலம் 2013இலேயே சட்டம் போட்டுவிட்டது. அதிலும் எங்கள் பிள்ளை மாதிரி பாஸ் ஆகிறவர்கள் தப்பிவிடுவார்கள் என்பது வேறு விஷயம். கனடாவின் ஒன்டாரியோவில் எல்லாக் குழந்தைக்கும் குதிகாலில் எடுக்கிற ரத்தப் பொட்டிலேயே பார்க்கிறார்கள்.

இது எவ்வளவு பரவலானது என்று கேட்டால், அமெரிக்கக் கணக்கில் 200 பிறப்புக்கு ஒரு குழந்தை கருவிலேயே சிஎம்வியோடு பிறக்கிறது. அந்தக் குழந்தைகளில் ஐந்தில் ஒன்றுக்குத்தான் நீண்ட காலப் பாதிப்பு. அதில் முதலிடம் காதுக்கு. மற்றவர்கள் ஒரு குறையும் இல்லாமல் வளர்கிறார்கள். நம் நாட்டில் பெண்களில் பெரும்பாலோருக்குச் சின்ன வயதிலேயே இந்த வைரஸ் வந்து போயிருக்கும். அது உடம்பை விட்டுப் போவதே இல்லை, உள்ளேயே அடங்கிக் கிடக்கும். கர்ப்பத்தில் மறுபடி தலைதூக்கலாம், அல்லது வேறொரு வகை புதிதாகத் தொற்றலாம். ஏற்கெனவே வந்தவர்களுக்குக் குழந்தைக்குக் கடத்தும் வாய்ப்பு குறைவு. குறைவுதானே தவிர, இல்லை என்று இல்லை.

சரி, எங்கிருந்து வருகிறது? சின்னக் குழந்தைகளிடமிருந்துதான் பெரும்பாலும். ஒன்று முதல் மூன்று வயதுப் பிள்ளைக்குத் தொற்றினால் மாதக்கணக்கில் எச்சிலிலும் சிறுநீரிலும் வைரஸ் வெளியேறிக்கொண்டிருக்கும். பிள்ளை ஓடி ஆடிக்கொண்டிருக்கும், ஒரு அறிகுறியும் இருக்காது. இப்போது நம் வீட்டுச் சாப்பாட்டு நேரத்தை நினைத்துப் பாருங்கள். மூத்தது நாலு வாய் வாங்கிவிட்டு ஓடிவிடும். கிண்ணத்தில் மீந்த பருப்புச் சோற்றை வீணாக்க மனசு வராமல் தாய் தன் வாயில் போட்டுக்கொள்வாள். சூடு பார்க்க ஒரு வாய் தான் தின்றுவிட்டு அதே ஸ்பூனில் ஊட்டுவாள். பிள்ளை கடித்துக் கொடுத்த பிஸ்கட்டை வேண்டாம் என்று சொன்னால் அது அழும். தமிழ்நாட்டில் இதைச் செய்யாத தாய் கிடையாது. இதைச் செய்யாதே என்று ஒரு கர்ப்பிணியிடமும் யாரும் சொல்வதும் கிடையாது. பப்பாளி சாப்பிடாதே, அன்னாசி சாப்பிடாதே என்று தெரு முழுக்கச் சொல்வார்கள்.

வயிற்றில் ஒன்று, கையில் ஒன்று என்று இருக்கிறவர்கள் செய்ய வேண்டியது ரொம்பக் கம்மி. பிள்ளையின் மிச்சத்தை நீங்கள் சாப்பிடாதீர்கள். அப்பா சாப்பிடலாம் என்று சொல்ல வந்தேன், அவரும் உங்களோடுதான் இருக்கிறார், அதனால் நாய்க்குப் போடுங்கள். ஸ்பூன், டம்ளர், டூத்பிரஷ் தனித்தனி. வாயில் முத்தம் வேண்டாம், உச்சியிலும் நெற்றியிலும் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுங்கள். ஜட்டி, டயப்பர் மாற்றிய கையையும் மூக்கு சிந்திவிட்ட கையையும் சோப்பு போட்டு நன்றாகக் கழுவுங்கள். பிள்ளையைத் தள்ளி வைக்க வேண்டியதில்லை, கட்டிப்பிடித்தால் ஒன்றும் ஒட்டிக்கொள்ளாது. அங்கன்வாடியிலும் ப்ளே ஸ்கூலிலும் வேலை பார்க்கும் பெண்களுக்கு இது இன்னும் முக்கியம். தடுப்பூசி இதற்கு இல்லாததால் சோப்புதான் மருந்து.

இதையெல்லாம் நான் சொல்லப் போக, என் சித்தி மகள் கர்ப்பமானதும் தானாகப் போய் டார்ச் டெஸ்ட் (வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும் தொற்றுகளுக்கான ரத்தச் சோதனை) எடுத்துவிட்டு ராத்திரி அழுதுகொண்டே போன் செய்தாள். “அக்கா, சிஎம்வி பாசிட்டிவ்னு வந்திருக்கு.” ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். ஐஜிஜி பாசிட்டிவ், ஐஜிஎம் நெகட்டிவ். ஐஜிஜி பாசிட்டிவ் என்றால் எப்போதோ வந்து போயிருக்கிறது என்று அர்த்தம். நம் ஊரில் பத்துப் பெண்களுக்கு எடுத்தால் ஒன்பது பேருக்கு அப்படித்தான் வரும். ஐஜிஎம் என்பது புதிதாகத் தொற்றும்போது வருவது. அது பாசிட்டிவ் வந்தாலும் உடனே பயப்படக் கூடாது. அது சில சமயம் மாதக்கணக்கில் நீடிக்கும், சில சமயம் பொய்யாகவும் காட்டும். அப்போது அவிடிட்டி என்று இன்னொரு சோதனை எடுத்து, தொற்று புதிதா பழையதா என்று பார்ப்பார்கள். உண்மையிலேயே புதிது என்றால் ஸ்கேனில் கூர்ந்து பார்ப்பார்கள், 20 வாரம் தாண்டி, தொற்று வந்து போதிய நாள் கழித்துப் பனிக்குட நீரைச் சோதிப்பார்கள். முதல் மூன்று மாதத்தில் புதிதாக வந்தவர்களுக்கு வாலாசிக்ளோவிர் என்ற வேறொரு மருந்தை அதிக அளவில் கொடுத்தால் குழந்தைக்குப் போவது குறைகிறது என்று இஸ்ரேலில் நடந்த ஆய்வு 2020இல் வெளியானது. அந்த முடிவெல்லாம் கரு மருத்துவம் படித்த டாக்டர் எடுக்க வேண்டியது. லேப் பாக்கேஜ் விளம்பரத்தைப் பார்த்து எடுக்கிற டார்ச் டெஸ்ட்டால் தூக்கம் கெட்டதுதான் மிச்சம் என்பது என் அபிப்பிராயம்.

அவளுடைய குழந்தைக்கு ஒரு காது ‘ரெஃபர்’ என்று வந்தது. பிறந்த புதிதில் காதுக்குள் நீரும் மாவும் அடைத்திருந்தாலும் அப்படி வரும். இருந்தாலும் நான் அந்த வாரமே சிறுநீரில் சிஎம்வி பிசிஆர் கேட்கச் சொன்னேன். டாக்டருக்குக் கொஞ்சம் ஆச்சரியம், ஆனால் எழுதிக் கொடுத்தார். நெகட்டிவ். மறு சோதனையில் காதும் பாஸ்.

தெரபி சென்டரில் பழக்கமான ஒரு அக்காவின் கதை வேறு. அவர் மகனுக்கு இரண்டு கண்ணிலும் கண்புரை எடுத்திருந்தார்கள், இதயத்தில் ஒரு குழாய் மூடாமல் இருந்ததற்கும் சிகிச்சை ஆகியிருந்தது, காதும் கேட்காது. மூன்றும் சேர்ந்து வந்தால் டாக்டர்கள் சொல்வது ருபெல்லா, அதாவது ஜெர்மன் அம்மை. அவருக்கு மூன்றாம் மாதத்தில் உடம்பெல்லாம் மணல் மாதிரி சிவந்து போட்டிருக்கிறது. அம்மை என்று வீட்டில் வேப்பிலை கட்டி, தனியாகப் படுக்க வைத்து, இளநீர் கொடுத்திருக்கிறார்கள். மூன்று நாளில் இறங்கிவிட்டது, தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டார்கள். வேப்பிலையில் ஒரு கெடுதலும் இல்லை. அம்மா வந்திருக்கும்போது ஊசி போடக் கூடாது என்று செக்கப்புக்கே போகவில்லை, அடுத்த மாதம் போனபோதும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ரத்தத்தில் பார்த்திருப்பார்கள். முதல் 12 வாரத்துக்குள் தாய்க்கு ருபெல்லா வந்தால் பத்தில் எட்டு குழந்தைக்கு மேல் பாதிக்கப்படும். அதற்கடுத்த சில வாரங்களில் வந்தால் காது மட்டும் போகலாம். 20 வாரம் தாண்டினால் ஆபத்து மிகக் குறைவு.

இதைக் கண்டுபிடித்தது ஒரு கண் டாக்டர். 1941இல் சிட்னியில் நார்மன் கிரெக் என்பவர், கண்புரையோடு பிறக்கும் குழந்தைகள் திடீரென்று அதிகமாவதைக் கவனித்தார். தாய்மாரை விசாரித்தால் கர்ப்பத்தின் ஆரம்பத்தில் ஜெர்மன் அம்மை வந்ததாகச் சொன்னார்கள். அவர் திரட்டிய 78 குழந்தைகளில் 68 பேரின் தாய்மாருக்கு அது வந்திருந்தது. அந்தக் குழந்தைகளுக்குக் காதும் கேட்கவில்லை என்பது அவர்கள் கொஞ்சம் வளர்ந்த பிறகுதான் வெளியே தெரிந்தது. கண்ணில் வெள்ளை விழுந்தால் எல்லோருக்கும் தெரியும். காது அப்படியில்லை.

ருபெல்லாவுக்குத் தடுப்பூசி இருக்கிறது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 9 மாதம் முதல் 15 வயதுவரை எல்லாப் பிள்ளைக்கும் எம்ஆர் ஊசி (தட்டம்மை, ருபெல்லா இரண்டுக்கும் சேர்த்து) போட்டார்கள். வாட்ஸ்அப்பில் கண்டதையும் பரப்பி, பள்ளிக்கூட வாசலில் நின்று ‘எம் புள்ளைக்கு வேண்டாம்’ என்று எழுதிக் கொடுத்த பெற்றோர் எத்தனையோ பேர். இப்போது அது வழக்கமான அட்டவணையிலேயே இருக்கிறது. ஆனால் 2017இல் 15 வயதைத் தாண்டியிருந்த பெண்கள் அந்த முகாமில் சேரவில்லை. கல்யாணம் நிச்சயமான பெண்கள் ருபெல்லா ஐஜிஜி பார்த்து, இல்லையென்றால் ஊசி போட்டுக்கொண்டு ஒரு மாதமாவது கழித்துக் கர்ப்பமாகலாம். கர்ப்பத்தில் போடக் கூடாது. பிரசவத்துக்குப் பின் பால் கொடுக்கும்போது போடலாம்.

எங்கள் பிள்ளைக்கு முதலில் இரண்டு காதிலும் ஹியரிங் எய்டு மாட்டினோம். அதில் யாரும் சொல்லாத விஷயம், காதுக்குள் வைக்கும் மோல்டு. பிள்ளையின் காது வளர வளர மோல்டு தொளதொளவென்று ஆகி, எய்டு கீச்சென்று விசிலடிக்க ஆரம்பிக்கும். விசில் வந்தால் மோல்டு மாற்ற வேண்டும் என்று அர்த்தம், சத்தத்தைக் குறைத்து வைக்கச் சொல்லாதீர்கள். தலைக்கு எண்ணெய் வைத்தால் மைக் ஓட்டையில் இறங்கிவிடும். எங்கள் வீட்டில் எண்ணெய் ராத்திரிக்கு மாறிவிட்டது. கழற்றி வைக்கும்போது ஈரம் உறிஞ்சும் மணி போட்ட டப்பாவில்தான் வைக்க வேண்டும். நம் ஊர் வியர்வைக்கு அது இல்லாமல் கருவி தாங்காது.

வலது காதுக்கு எய்டால் பயன் இல்லை என்று ஆனதும் இம்ப்ளான்ட். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குள் உள்ள பிள்ளைகளுக்குச் செய்கிறார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவி தரும் மத்திய அரசின் ஏடிப் திட்டமும் உண்டு. வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார், பெரா ரிப்போர்ட், ஸ்கேன் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வையுங்கள், ஜெராக்ஸ் தனியாக வையுங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் குழந்தைகளின் குறைகளை ஆரம்பத்திலேயே கண்டறிந்து உதவும் டிஇஐசி மையத்தைக் கேட்டுப் போனால் போதும், அங்கிருந்து வழி சொல்வார்கள். அறுவைக்கு முன்னால் நிமோனியா தடுப்பூசி போட்டாக வேண்டும், மூளைக் காய்ச்சல் வராமல் இருக்க.

சுவிட்ச் ஆன் பண்ணும் நாளில் குழந்தை சிரிக்கிற வீடியோக்களைப் பார்த்துவிட்டுப் போனோம். எங்கள் பிள்ளை வீறிட்டு அழுது, தலையில் ஒட்டியிருந்த காயிலைப் பிடுங்கி எறிந்தாள். பெரும்பாலான குழந்தைகள் அப்படித்தான் செய்யும் என்று அங்கே இருந்தவர் சிரித்தார். கேட்கத் தொடங்கிய நாள்தான் அதன் காதுக்குப் பிறந்த நாள், அங்கிருந்து மாதத்தை எண்ணுங்கள் என்றார். அந்தக் கணக்கு எனக்கு ரொம்ப உதவியது. அறுவை ஒரு நாள் வேலை, பயிற்சி வருடக்கணக்கு. தினமும் காலையில் கருவியை மாட்டியதும் பின்னால் நின்று ஆறு ஒலி சொல்வோம்: ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ். அவள் திருப்பிச் சொல்ல வேண்டும். தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலிவரை பேச்சின் முழு வீச்சும் இந்த ஆறில் அடங்கிவிடும். வாயைக் கையால் மறைக்காதீர்கள், சத்தமே மாறிவிடும். ஒரு நாள் ‘ஸ்’ வரவில்லை என்றால் கேபிளையோ மைக்கையோ பார்க்க வேண்டும். ‘பிள்ளை கவனிக்கவே இல்லை’ என்று பள்ளிக்கூடத்தில் மிஸ் சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம்.

இந்த ஜூன் மாத ஆடியோகிராமில் இடது காது இன்னும் ஒரு 10 டெசிபல் இறங்கியிருக்கிறது. ‘ஸ்’ அந்தக் காதில் எய்டு போட்டும் வருவதில்லை. அரசுக் காப்பீட்டில் ஒரு காதுக்குத்தான் இம்ப்ளான்ட், இரண்டாவது என்றால் கையிலிருந்து போட வேண்டும். என் கணவர் சீட்டு எடுக்கலாம் என்கிறார், அத்தை தன் வளையலைக் காட்டுகிறார். ஆடியாலஜிஸ்ட் இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பார்க்கச் சொல்லியிருக்கிறார். அடுத்தது காலாண்டு லீவில்.